தேய்மானம்

படிவத்தில் மூன்றாவது கேள்வி:
கட்டடம் கடலிலிருந்து எவ்வளவு தூரம்?
எந்த ஆண்டில் என்று அது கேட்கவில்லை.

ஆலை எழுந்தபோது பின்வாசல் படியில் அலை ஏறும்.
தொங்காங் படகுகள் மூக்கைச் சுவரில் இடித்து நிற்கும்.
இடித்த இடம் இன்னும் இருக்கிறது,
என் இடுப்பு உயரத்தில், செங்கல் குழிந்து.
பிறகு மண் கொட்டினார்கள். மேலும் கொட்டினார்கள்.
இன்று அதே படியில் நின்றால் எதிரே
ஆறு தடச் சாலை, டயர் கடை, கார் கழுவும் கொட்டகை,
அதற்கும் அப்பால் வெயிலில் தகரம்போல் ஒரு கீற்று.
எழுநூற்றுப் பன்னிரண்டு மீட்டர், எழுதிக்கொண்டேன்.
கட்டடம் ஓர் அடிகூட நகரவில்லை.

ஜெலுத்தோங்கில் கேட்டால் எண்ணெய் ஆலை என்பார்கள்.
கோப்பு வேறு சொல்கிறது.
முதலில் அரிசி. கெடா நெல் படகில் வந்து
உமி கடலுக்கும் அரிசி கடைக்கும் போனது.
பிறகு கொப்பரை.
ஜப்பான்காரன் இருந்த மூன்றரை ஆண்டு
சவுக்காரம் காய்ச்சினார்கள் என்கிறார் ஒருவர்,
கயிறு திரித்தார்கள் என்கிறார் இன்னொருவர்,
உள்ளே போனவன் வெளியே வந்து சொன்னதில்லை
என்கிறார் டயர் கடைக்காரர், பஞ்சர் ஒட்டிக்கொண்டே.
மறுபடி கொப்பரை. பிறகு பூட்டு.

இப்போது உழவாரக் குருவிகள்.
சன்னல்களை அடைத்துக் கையகலத் துளை விட்டிருக்கிறார்கள்.
ஒலிபெருக்கியில் இரவு பகலாகக் குருவிச் சத்தம்,
அதை நம்பி நிஜக் குருவிகள் வந்து
எச்சிலால் கூடு கட்டுகின்றன.
கிராம் கணக்கில் விற்கிறதாம்.
"விளக்கை உயர்த்தாதீங்க," என்றார் காவலர் டியோ கிம் லெங்,
ஆஸ்பத்திரியில் பேசுவதுபோல.

தாழ்த்தித்தான் பிடித்தேன்.
அதனால்தான் ஒன்பதாம் தூண் தெரிந்தது.

பினாகா மரம், இரண்டு கை சேர்த்தாலும் அடங்காது.
அறுபது வருஷம் முன்பு நின்றுபோன எண்ணெய்
இன்னும் அதன் நரம்பில் இருக்கிறது போலும்,
எறும்புகள் வரிசையாக ஏறிக்கொண்டிருந்தன.
எறும்புக்குப் பின்னால், ஆணியால் கீறிய கோடுகள்.
ஒரு கொத்து, ஒரு புள்ளி, அடுத்த கொத்து.
அடியில் ஒற்றை எழுத்து: ஆ.

முதலாளியின் பேரன் கொடுத்த கோப்பில்
கிராணி நயினா முகம்மதுவின் பேரேடு ஒன்று இருந்தது.
அழகான கையெழுத்து. அடித்தல் திருத்தல் இல்லை.
மூட்டைக்குக் கூலி, சனிக்கிழமை பட்டுவாடா.
ஆதிமூலம், ஆசியம்மா, ஆவுடைத்தாய்.
மூன்று ஆ.
ஆதிமூலம் அச்சாணியில் கை போய் நின்றுவிட்டார்,
ஆசியம்மா ஒரே மழைக்காலம்.
ஆவுடைத்தாய் நான்கு ஆண்டு.
எனக்கு அவள்தான் என்று தோன்றுகிறது.
தோன்றுவதை எழுதப் படிவத்தில் கட்டமில்லை.

எந்தக் கொத்து எந்த வாரம் என்று பொருத்த முடியவில்லை.
சில இடத்தில் குருவி எச்சம், சில இடத்தில் வெடிப்பு.
இருந்தும் இரண்டு மணி நேரம் மண்டியிட்டு எண்ணினேன்,
கிம் லெங் இருமுறை வந்து பார்த்துவிட்டுப் போனார்.
பேரேட்டில் அவளுடைய மிகப் பெரிய வாரம் இருநூற்றுப் பதினான்கு.
தூணில் மிகச் சிறிய கொத்து இருநூற்றிருபது.

வீட்டுக்கு வந்து படிவத்தை முடித்தேன்.
நிலம்: நீங்கள் நம்பமாட்டீர்கள், அவ்வளவு.
கட்டடம்: தேய்மானம் நூறு விழுக்காடு, மதிப்பு இல்லை.
"மற்றவை" என்ற கட்டத்தில் இரண்டு வரிக்கு இடமிருந்தது.
தூண் ஒன்பது, வடக்கு முகம், எறும்பு நடமாட்டம்,
கணக்கில் நிலுவை உண்டு என்று எழுதினேன்.

திங்கட்கிழமை தலைமையகத்திலிருந்து தொலைபேசி.
எறும்பைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.
நிலுவை எவ்வளவு, என்றார்கள்.

வாரத்துக்கு ஆறு மூட்டை, என்றேன்.
குறைந்தது.